எந்த ழான்? அகாடியக் கரையில் ஆறு நாட்கள்

முதல் நாள், ஹாலிஃபாக்ஸ்

என் மாமியாருக்கு வரும் டிசம்பரில் 80 வயது முடிகிறது. நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். கல்யாணமான புதிதில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டார், சொன்னேன், "அப்படியே கூப்பிடு" என்றார். 19 வயதில் கனடாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் நோவா ஸ்கோஷியாவின் தென்மேற்குக் கரையிலிருந்து டொராண்டோவுக்கு வேலைக்கு வந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் கொமோ. வீட்டில் பேசியது பிரெஞ்சு, ஆனால் பாரிஸ்காரர்கள் பேசும் பிரெஞ்சு இல்லை. அத்தை அகாடியர், அதாவது பதினேழாம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்து குடியேறிய பிரெஞ்சுக்காரர்களின் வழி.

பல வருடங்களாக அவர் மனதில் ஒரே கேள்வி. நாங்கள் எந்த ழானுடைய வழி?

விஷயம் இதுதான். இன்றைக்குக் கொமோ என்ற பெயர் வைத்திருக்கும் அகாடியர்களுக்கு மூதாதை பியேர் கொமோ, பீப்பாய் செய்பவர். மனைவி ரோஸ் பாயோன். 1671இல் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்த முதல் கணக்கெடுப்பில் அவருக்கு வயது 75, பிள்ளைகள் 9 பேர். அதில் இரண்டு பையன்களுக்குப் பியேர் என்று பெயர், இன்னும் இரண்டு பையன்களுக்கு ழான் என்று பெயர்! ஒரே அம்மா, ஒரே வீடு. மூத்த ழான், இளைய ழான் என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊர்களில் பெரிய கருப்பன், சின்னக் கருப்பன் இருப்பதைப் போல. வாயால் சொல்லும்போது குழப்பம் இல்லை. எழுதும்போது மூத்த, இளைய என்ற சொல்லை விட்டுவிட்டால் முன்னூறு வருடம் கழித்துத் தேடுகிறவர்களுக்குத் திண்டாட்டம்.

போன வருடம் இணையத்தில் யாரோ போட்டிருந்த ஒரு வம்சாவளியை நம்பி, மூத்த ழான் என்று அத்தை நோட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம் பார்த்தால் அதில் இரண்டு ழான்களையும் ஒரே ஆளாக்கி, இரண்டு மனைவிகளின் பிள்ளைகளையும் ஒரே வீட்டில் சேர்த்திருந்தார்கள். அதைக் கண்டுபிடித்த நாளில் அத்தை சாப்பிடவே இல்லை. அவருடைய அண்ணன் மாங்க்டனில் இருக்கிறார். அவருக்குச் சந்தேகமே கிடையாது, மூத்தவர்தான் என்பார்.

ஆகவே இந்தப் பயணம். அத்தை, என் கணவர், 13 வயது மகள், நான்.

இன்று முழுக்க நோவா ஸ்கோஷியா ஆவணக் காப்பகத்தில். பழைய அகாடிய ஊரான போர்ட் ராயலின் புனித யோவான் ஸ்நானகர் ஆலயப் பதிவேடுகள், 1702 முதல் 1755 வரையிலானவை, இங்கேதான் இருக்கின்றன. மூலத்தைத் தொட வேண்டியதே இல்லை, பக்கங்கள் எல்லாம் படிமங்களாகக் கிடைக்கின்றன. டொராண்டோவிலிருந்தே பார்த்திருக்கலாம். ஆனால் கையெழுத்தைப் படிக்கப் பழகிய ஒருவர் பக்கத்தில் இருந்து, "இது r இல்லை, s" என்று சொல்வதற்கு ஈடு இல்லை.

இந்தப் பதிவேடுகளில் எனக்குப் பிடித்த ஒன்று: பெண்களுக்கு எப்போதும் பிறந்த வீட்டுப் பெயர்தான். கல்யாணமானாலும், பிள்ளை பெற்றாலும், செத்தாலும் அதே பெயர். அதனால் அம்மா வழியில் நூல் அறுவதில்லை.

சாயங்காலம் நான்கு மணிக்கு நாங்கள் தேடிய கல்யாணப் பதிவு கிடைத்தது. 1740களில் நடந்தது. மணமகனும் கொமோ, மணமகளும் கொமோ. மணமகனின் பெற்றோர் பிசிகிட் என்ற ஊரின் ஆலயப் பங்கைச் சேர்ந்தவர்கள் என்று இருக்கிறது. மணமகனின் தாத்தா ஒரு ழான் என்பது வரைக்கும் அத்தைக்கு முன்பே தெரியும். எந்த ழான் என்று இதிலும் இல்லை. கீழே பாதிரியார் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: மூன்றாம் படி இரத்த உறவுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. கிட்டத்துச் சொந்தத்தில் மணக்கச் சபையின் தடை உண்டு, அதற்குத்தான் இந்த விலக்கு. அதையும் அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிட்டோம்.

இரண்டாம் நாள், கிரான் பிரே

பிசிகிட் என்பது இப்போதைய வின்ட்சர். காலையில் அதைக் கடந்துதான் வந்தோம். அங்கிருந்த அகாடிய ஆலயத்தின் பதிவேடுகள் மிஞ்சவில்லை. மிஞ்சியிருந்தால் மணமகனின் அப்பாவுடைய கல்யாணம் அதில் இருந்திருக்கும், அதில் அவருடைய அப்பா அம்மா பெயர்கள் இருந்திருக்கும், அத்தையின் கேள்வி அரை மணி நேரத்தில் தீர்ந்திருக்கும். மேட்டில் 1750இல் கட்டிய எட்வர்ட் கோட்டையின் மரக் காவல் வீடு மட்டும் நிற்கிறது. 1755 செப்டம்பர் 5 அன்று 183 அகாடிய ஆண்களைப் பிரிட்டிஷார் இங்கே வரச் சொல்லி அடைத்தார்கள்.

அதே நாள், அதே மதியம், கிரான் பிரேயில் 418 பேர். பத்து வயதுப் பையன்கள் முதல் கிழவர்கள் வரை ஆலயத்துக்கு வரவேண்டும் என்று உத்தரவு. வந்த பிறகு கர்னல் ஜான் வின்ஸ்லோ, அவர்களுடைய நிலம், மாடு, ஆடு எல்லாம் மன்னருக்குச் சொந்தம், அவர்கள் நாடு கடத்தப்படுவார்கள் என்று படித்துக் காட்டினார். பிரிட்டிஷ் அரசுக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் எடுக்கமாட்டோம், பிரான்சுக்கு எதிராக ஆயுதம் ஏந்தமாட்டோம் என்று சொன்னதற்கு இந்தத் தண்டனை. அந்த ஜூலை 28இல் ஹாலிஃபாக்ஸில் துணைக் கவர்னர் சார்ல்ஸ் லாரன்ஸின் சபை எடுத்த முடிவு. 1763 வரை ஏறக்குறைய 10,000 பேரை அப்புறப்படுத்தினார்கள்.

அங்கே அடைத்த ஆட்களின் பட்டியல் ஒன்றை வின்ஸ்லோ எழுதி வைத்தார். குடும்பத் தலைவர் பெயர், ஊர், மகன்கள் எத்தனை, மகள்கள் எத்தனை, காளை, பசு, ஆடு, பன்றி. பெயர்கள் எல்லாம் ஆங்கிலக் காதில் விழுந்தபடி சிதைந்து கிடக்கின்றன. மனைவிகள் பெயர் இல்லை. ஆனாலும் இன்று அகாடிய வம்சாவளி தேடுகிற ஒவ்வொருவரும் அந்தப் பட்டியலிடம்தான் போக வேண்டியிருக்கிறது. விரட்டியவன் எழுதியதை வைத்து விரட்டப்பட்டவர்களைத் தேடுகிறோம். என் கணவர் அதை வாசிக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

கிரான் பிரே ஆலயத்தின் சொந்தப் பதிவேடுகளின் கதை வேறு. அவற்றை நாடு கடத்தப்பட்டவர்களே கையோடு கொண்டு போனார்கள். மேரிலாந்து வழியாக லூசியானா வரை போய்ச் சேர்ந்து, இன்று பேட்டன் ரூஜ் மறைமாவட்டக் காப்பகத்தில் இருக்கின்றன. வீடு போகிறது, மாடு போகிறது, குடும்பத்தையே எந்தக் கப்பலில் ஏற்றுவார்கள் என்று தெரியாது. அந்த நேரத்தில் யாரோ ஒருவர் ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறார். அத்தை இதை மகளிடம் இரண்டு தடவை சொன்னார்.

மதியம் வயல் பக்கம் நடந்தோம். 1,300 ஹெக்டேருக்கு மேல். 2012 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடம். கடல் தண்ணீர் ஏறி இறங்கும் உப்புச் சேற்று நிலத்தைக் கரை போட்டு வயலாக்கியிருக்கிறார்கள். ஃபண்டி விரிகுடாவின் உள்பகுதி இது, கடல் மட்டம் 16 மீட்டர் வரைக்கும் ஏறும் இடம். கரைக்கு அடியில் மரத்தால் குடைந்த ஒரு மதகு, அதற்குள் கீல் போட்ட ஒரு பலகை. கடல் ஏறும்போது தண்ணீரே பலகையைத் தள்ளி மூடிக்கொள்ளும். வடியும்போது வயலின் நல்ல தண்ணீர் பலகையைத் திறந்து வெளியே போகும். ஆள் நிற்க வேண்டாம். இதை அபுவாத்தோ என்கிறார்கள். கரை போட்ட பிறகு இரண்டு மூன்று வருடம் மழை பெய்து உப்பைக் கழுவ வேண்டும், அதன் பிறகுதான் விதைப்பு. நான் கண்மாய்க் கரையில் வளர்ந்தவள். மடையும் மதகும் எனக்குத் தெரியும். தண்ணீரை உள்ளே வைத்துக்கொள்ளக் கரை போடுவதைத்தான் பார்த்திருக்கிறேன், இங்கே வெளியே நிறுத்தப் போட்டிருக்கிறார்கள். அந்த மதகின் மாதிரியை மகள் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு கரையை ஒரு குடும்பத்தால் போட முடியாது. அண்ணன் தம்பி, மச்சான், சம்பந்தி எல்லோரும் சேர்ந்தால்தான் ஆகும். பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் ஏன் எல்லோரும் ஏதோ ஒரு முறையில் சொந்தம் என்பது அந்தக் கரையில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

மூன்றாம் நாள், அனாபோலிஸ் ராயல்

போர்ட் ராயல்தான் இந்த ஊர். 1710இல் பிரிட்டிஷார் பிடித்து ராணி ஆனின் பெயரை வைத்தார்கள். ஆற்றுக்கு அக்கரையில் 1605இல் பிரெஞ்சுக் கடல் பயணி ஷாம்ப்ளேனும் மற்றவர்களும் தங்கிய குடியிருப்பை 1939-40இல் மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். அது முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. அத்தைக்கு அதில் அக்கறை இல்லை. "அங்கே இருந்தவர்கள் எல்லாம் ஆண்கள், திரும்பிப் போய்விட்டார்கள். குடும்பமாக வந்தவர்கள்தான் நாங்கள்" என்றார். 1630களில் ஆரம்பித்து வந்த அந்தச் சில குடும்பங்களிலிருந்துதான் எல்லாக் கொடிகளும் கிளம்புகின்றன.

கோட்டையின் இடுகாட்டில் ரொம்ப நேரம் இருந்தோம். அகாடியர்களும் இங்கேதான் புதைக்கப்பட்டார்கள். ஆனால் அவர்களுடைய கல்லறை ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாது. மரச் சிலுவைகள், மக்கிப் போய்விட்டன. நிற்கும் கல்வெட்டுகள் எல்லாம் ஆங்கிலேயர்களுடையவை. அத்தை புல்லில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். நான் சொல்லவில்லை, அவராகவே.

1671 கணக்கெடுப்பை எடுத்தவர் லோரான் மோலான் என்ற பாதிரியார். போர்ட் ராயல் பக்கம் வீடு வீடாகப் போயிருக்கிறார். 392 பேர், 482 மாடுகள், 524 ஆடுகள். எல்லோரும் பதில் சொல்லவில்லை. பீப்பாய் செய்யும் பியேர் லானூ, நான் நன்றாகத்தான் இருக்கிறேன், என் வயதைச் சொல்லமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எத்தியேன் ரொபிஷோ, மாடு நிலம் கணக்கெல்லாம் தரமுடியாது என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். தையல்காரர் பியேர் மெலான்சோன் பதில் சொல்ல மறுத்துவிட்டார். பாதிரியார் எல்லாவற்றையும் அப்படியே எழுதி வைத்தார். வரி வந்துவிடுமோ என்ற பயம்தான், வேறென்ன. ஆனால் 350 வருடம் கழித்து அந்த மூன்று பேர்தான் உயிரோடு முன்னால் நிற்கிற மாதிரி இருக்கிறார்கள். வயதைச் சொன்னவர்கள் வெறும் எண்ணாகிவிட்டார்கள்.

அந்த மெலான்சோனின் தம்பி ஷார்ல் 1660களில் குடியேறிய இடம் ஆற்றங்கரையில் இருக்கிறது. பார்க்க ஒன்றும் இல்லை, புல்லும் ஒரு தகவல் பலகையும்தான். மண்ணுக்கடியில் வீடுகளின் அடித்தளங்கள்.

1755 டிசம்பர் 8 அன்று இங்கிருந்து கப்பல்கள் கிளம்பின. அதில் பெம்புரோக் என்ற கப்பலில் 232 பேர். வட கரோலினாவுக்குப் போகவேண்டியது. நடுக்கடலில் அகாடியர்கள் மாலுமிகளை மடக்கிப் பிடித்து, கப்பலைத் திருப்பி, செயின்ட் ஜான் ஆற்றுக்குக் கொண்டுபோய்த் தப்பித்தார்கள். ஷார்ல் பெலிவோ என்பவர் தலைமை. அத்தைக்குச் சின்ன வயதில் தூங்க வைக்கச் சொன்ன கதை இது. இன்றைக்கு அந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேத்திக்குச் சொன்னார். அத்தையின் முன்னோர்கள் அந்தக் கப்பலில் இல்லை. அவர்கள் மாசசூசெட்ஸுக்குப் போனவர்கள்.

நான்காம் நாள், வழியில்

மழை. வாடகைக் காரின் டயர் பஞ்சர். டிக்பி வரை மெதுவாக வந்து தங்கிவிட்டோம். அத்தைக்கு முழங்கால் வலி. எழுத வேறொன்றும் இல்லை.

ஐந்தாம் நாள், கிளேர்

செயின்ட் மேரி விரிகுடாவின் ஓரமாக ஒரே சாலை, அதன் இரண்டு பக்கமும் வீடுகள், ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. கொமோவில் என்றே ஒரு ஊர் இருக்கிறது. வாசலுக்கு வாசல் அகாடியக் கொடி, நீலம் வெள்ளை சிவப்பு, நீலத்தில் மஞ்சள் நட்சத்திரம்.

1764க்குப் பிறகு திரும்பி வர அனுமதி கிடைத்தது. ஆனால் அவர்கள் கரை போட்ட வயல்களில் 1760 முதலே நியூ இங்கிலாந்துக்காரர்கள் குடியேறியிருந்தார்கள். அதனால் திரும்பியவர்களுக்கு இந்தக் கல்லுக் கரைதான் கிடைத்தது. 1768இல் ஜோசப் துகா குடும்பம் முதலில் வந்தது. விவசாயிகள் மீனவர்கள் ஆனார்கள்.

அத்தையின் பெரியப்பா மகள் ஒருவர் இங்கே இருக்கிறார், வயது 86. என் மகள் அவரையும் மெமே என்றே கூப்பிட்டாள், அது இங்கே பாட்டிக்குச் சொல்லும் சொல். உள்ளே போனதும் ராப்யூர் வாசனை. உருளைக்கிழங்கைத் துருவி, துணியில் கட்டிப் பிழிந்து, எவ்வளவு தண்ணீர் வந்ததோ அதே அளவு கொதிக்கிற கோழிச் சாற்றைத் திரும்ப ஊற்றிக் கிளறி, நடுவில் கோழிக்கறி வைத்து, மேலே முறுகும்வரை சுடவேண்டும். ஓரத்தில் ஒட்டியிருக்கும் முறுகலுக்குத்தான் போட்டி. நம் வீட்டில் அடிப்பிடித்த பொங்கலுக்கு நடப்பது போல.

அகாடிய ஊர்களில் ஒருவரை அடையாளம் சொல்லும் முறை எனக்கு உடனே பிடித்துப்போனது. ஊரில் பாதிப் பேர் கொமோ என்றால் கொமோ என்று சொல்லி என்ன பயன்? அதனால் "மரி அ ஜோ அ பியேர்" என்பார்கள். பியேரின் மகன் ஜோவின் மகள் மரி என்று அர்த்தம். அப்பாவின் பெயரை முன்னால் போட்டுக்கொள்ளும் ஊரிலிருந்து வந்த எனக்கு இது அந்நியமாகவே தெரியவில்லை. 86 வயதுப் பெரியம்மா மேசையில் விரலால் தட்டிக்கொண்டே ஏழு தலைமுறை சொன்னார், மூச்சு விடாமல். ஏழாவது ஆள் மாசசூசெட்ஸில் பிறந்து, குழந்தையாகத் திரும்பி வந்தவர்.

அந்த இடத்துக்குக் காகிதமும் இருக்கிறது. மாசசூசெட்ஸ் ஆவணங்களில் ஊர் ஊராக எந்தக் குடும்பத்தை எங்கே வைத்தார்கள், அவர்களுக்கு எவ்வளவு செலவானது என்ற கணக்குகள் இருக்கின்றன. அந்த ஏழாவது ஆளின் அப்பா அம்மா, அதில் இருக்கும் தம்பதி, ஹாலிஃபாக்ஸில் நாங்கள் பார்த்த அந்த மணமகனும் மணமகளும்தான். வாயால் வந்த கொடியும் ஏட்டில் வந்த கொடியும் பெரியம்மாவின் சமையலறை மேசையில் சேர்ந்தன. 1765இல் பிரான்சின் பெல் தீவில் குடியேறிய 78 அகாடியக் குடும்பங்கள், பதிவேடுகள் கையில் இல்லாததால், 1767இல் மூதாதை வரை வாய்மொழியாகச் சொல்லி எழுத வைத்த வாக்குமூலங்களும் இப்படித்தான் வந்தவை.

சரி, எந்த ழான்? பெரியம்மாவிடம் அந்தக் கடைசி வரியைப் படித்துக் காட்டினோம். "மூன்றாம் படியா? நிச்சயமா?" என்றார். பென்சில் கேட்டார்.

அவர் போட்ட கணக்கு இது. சபைக் கணக்கில் இரண்டாம் படி என்றால் ஒரே தாத்தா பாட்டி. மூன்றாம் படி என்றால் ஒரே பூட்டன் பூட்டி. மணமகள் மூத்த ழானின் பேத்தி, அது வேறு பதிவில் தெளிவாக இருக்கிறது. மணமகனும் மூத்த ழானின் பேரன் என்றால் இருவருக்கும் ஒரே தாத்தா, பாதிரியார் இரண்டாம் படி என்று எழுதியிருப்பார். மூன்றாம் படி என்று எழுதினார் என்றால் தாத்தாக்கள் வேறு வேறு, அண்ணன் தம்பிகள். பொது ஆட்கள் அதற்கு மேலே, பீப்பாய்க்கார பியேரும் ரோஸும். ஆக மணமகனின் தாத்தா இளைய ழான்.

எங்கள் வீட்டில் என் அம்மாவும் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன். அதற்கு யாரிடமும் விலக்குக் கேட்கவில்லை, அதுதான் முறை. அதனால்தானோ என்னவோ இந்தக் கணக்கு எனக்குச் சட்டென்று ஓடியது. என் கணவருக்கு மூன்று தடவை வரைந்து காட்ட வேண்டியிருந்தது. பங்குச் சாமியார் இரத்த உறவைத் தடையாக எண்ணி எழுதியது, காணாமல் போன பிசிகிட் புத்தகத்தின் வேலையைச் செய்துவிட்டது.

மரபணுப் பரிசோதனையால் இது முடிந்திருக்காது என்பதையும் எழுதி வைக்கிறேன், பலர் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப உள்ளுக்குள்ளேயே மணந்துகொண்ட சில நூறு குடும்பங்கள். எட்டுத் தலைமுறை தள்ளி இருப்பவர்கூட முடிவில் கிட்டத்துச் சொந்தம் மாதிரி வருவார். அத்தைக்கு வந்த பட்டியலில் ஆயிரக்கணக்கில் சொந்தங்கள், எந்த வழி என்று ஒன்றும் விளங்கவில்லை.

ஆறாம் நாள், பெலிவோ கோவ்

காலையில் சர்ச் பாயின்ட்டில் நிறுத்தினோம். 1905இல் கட்டி முடித்த புனித மரியா ஆலயம், வட அமெரிக்காவின் மிகப் பெரிய மர ஆலயங்களில் ஒன்று. கோபுரம் 56 மீட்டர். கடல் காற்றில் ஆடாமல் இருக்க கோபுரத்துக்குள் டன் கணக்கில் கல் வைத்திருக்கிறார்கள். கட்டிய தலைமைத் தச்சர் லியோ மெலான்சோனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 2019 முதல் பூட்டிக் கிடக்கிறது. பழுது பார்க்கப் பணம் சேரவில்லை. அத்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த இடம். பூட்டைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றும் பேசவில்லை. எனக்கும் கோபம்தான் வந்தது.

அப்புறம் பெலிவோ கோவின் பழைய இடுகாடு. 1755 குளிர்காலத்தில் தப்பி வந்து இங்கே ஒளிந்திருந்து இறந்தவர்களைப் புதைத்த இடம் என்று ஊரார் சொல்கிறார்கள். இந்த மண்ணின் பூர்வகுடிகளான மிக்மாக் மக்கள் உதவியிருக்காவிட்டால் மிச்சப் பேரும் பிழைத்திருக்க மாட்டார்கள் என்று பெரியம்மா நேற்றே சொல்லியிருந்தார். சின்ன மரக் கோயில், வெள்ளைச் சிலுவைகள், பின்னால் கடல்.

அங்கே இருந்த பெஞ்சில் அத்தை நோட்டைத் திறந்தார். மூத்த என்ற சொல்லை ஒரு கோடு போட்டு அடித்தார். இளைய என்று எழுதினார். பக்கத்தில் இன்றைய தேதி. பிறகு மாங்க்டனுக்குப் போன் போட்டார்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மூன்றாம் படி என்றுதான் இருக்கிறதா, நீயே பார்த்தாயா என்று கேட்டார். நானே பார்த்தேன் என்றார் அத்தை. அந்தப் பக்கத்தின் படத்தை அனுப்பச் சொன்னார். மகள் அங்கேயே நின்று அனுப்பினாள், கரையில் சிக்னல் ஒரு கோடுதான் இருந்தது, போய்ச் சேர ஐந்து நிமிடம் ஆனது.